பாட் முதுகில் உள்ள ஏழு இலக்கத்துக்கு என்ன பெயர்? (பழைய டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்கள்)

மடல் 1

அனைவருக்கும் வணக்கம். 1960களின் நடுவிலிருந்து 70கள் வரை அமெரிக்காவில் செய்த டிரான்சிஸ்டர் கிட்டார், பேஸ் ஆம்ப்களை (ஒலிபெருக்கிகளை) அடையாளம் காணும் கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. வால்யூம், டோன் பாட்களின் (திருகு குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாகம்) முதுகிலோ பக்கவாட்டிலோ 1376628 போல ஏழு இலக்கம் இருக்கும். 137 என்றால் சி.டி.எஸ். கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். 66 என்பது 1966. 28 என்பது அந்த ஆண்டின் 28ஆம் வாரம். இதைத் "தேதிக் குறி" என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மடல் 2

> தேதிக் குறி

ஐயா, "தேதி" வேண்டாம். நாளே இல்லாத எண்ணைத் தேதி என்றால், படிப்பவர் அதை ஆம்ப் பிறந்த தேதியாகவே எடுத்துக்கொள்வார். அது பாட் பிறந்த காலம் மட்டுமே. மொத்தமாக வாங்கிய பாட்கள் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். ஆக, ஆம்ப் அந்த வாரத்துக்கு முந்தியது அல்ல என்பதுதான் அந்த எண் தரும் உறுதி.

கன்சாஸ் மாநிலம் சனூட்டில் "கஸ்டம்" (Kustom) என்ற கம்பெனி செய்த ஆம்ப்களை எடுத்துக்கொள்ளுங்கள். கார் சீட் போலப் பஞ்சு வைத்துத் தைத்த பளபளக்கும் உறையே கம்பெனியைச் சொல்லிவிடும், ஆனால் ஆண்டைச் சொல்லாது. அதற்கு உள்ளே போயாக வேண்டும்.

"குறி" என்றாலும் குறி சொல்வது நினைவுக்கு வரும். இருப்பதெல்லாம் இலக்கம்தானே, "எண்" போதும். என் முன்மொழிவு: ஆலைவார எண்.

மடல் 3

"ஆலை" மிகப் பொருத்தம். "வாரம்" என்பதில் இரண்டு சிக்கல். நிலத்தை வாரத்துக்கு விடுவது இன்னும் வழக்கில் இருக்கிறது. "ஆலைவாரம்" என்றால் ஆலையைக் குத்தகைக்கு விட்டதுபோல ஒலிக்கிறது. ஆண்டும் அதில் மறைந்துபோகிறது. ஆண்டில்தான் பெரிய தவறே நடக்கிறது. அக்கால ஸ்பீக்கர்களில் ஆண்டுக்கு ஒரே இலக்கம் போடும் வழக்கம் உண்டு. 465632 என்பதில் 465 ஆக்ஸ்ஃபோர்டு கம்பெனி, 6 ஆண்டு, 32 வாரம். அது 1966-ஆ, 1976-ஆ? ஸ்பீக்கரை மட்டும் பார்த்தால் தெரியாது. அதே பெட்டியில் பாட் 1376628 என்றால் 1966 என்று கொள்ளலாம். ஸ்பீக்கர் பின்னால் மாற்றியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பாட், ஸ்பீக்கர் இரண்டுக்கும் பொருந்தும்படி "ஆலைக்கால எண்" என்றால் என்ன?

மடல் 4

ஆலைக்கால எண்ணுக்கு என் ஓட்டு. பாட்டுக்கு மட்டும் "மின்னழுத்தமானி" என்று போட்டுவிடாதீர்கள். அது இயற்பியல் ஆய்வகத்தில் நீளக் கம்பி கட்டிய அளவுக்கருவி. "பாட்" என்றே இருக்கட்டும். தமிழ்தான் வேண்டுமென்றால் மாறுமின்தடை.

படிக்கும் முறையையும் சேருங்கள். பிளக்கைப் பிடுங்கியபின் மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை 1000 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக அரை நிமிடம் இறக்கி, மீட்டரில் வோல்ட் விழுந்ததை உறுதி செய்த பிறகே சேசிஸுக்குள் (பாகங்களைப் பொருத்திய உலோகச் சட்டத்துக்குள்) கை வைக்க வேண்டும். பாட் முதுகில் பூமிக் கம்பியின் சோல்டர் பரவி இரண்டு, மூன்று இலக்கங்களை மூடியிருக்கும். அதை உருக்கிச் சுரண்டாமல் அடுத்த பாட்டைப் பாருங்கள். உலர்ந்த பஞ்சால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். தின்னர் தொடவே கூடாது. மையால் அச்சிட்ட எண் ஒரே துடைப்பில் போய்விடும், பிறகு அதை எவராலும் மீட்க முடியாது.

கடைசி இரண்டு இலக்கம் 53-ஐத் தாண்டினால் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அது கம்பெனியின் பாக எண். குறைந்தது நான்கு பாட்களைப் பாருங்கள். சோல்டர் கலையாதவற்றில் எது பிந்தியதோ அதுதான் கணக்கு. மூன்று 66, ஒன்று மட்டும் 73 என்றால், 73-இன் சோல்டர் மற்றவற்றைவிடப் புதிதாக மின்னுகிறதா என்று பாருங்கள்.

2என்3055 போன்ற அவுட்புட் டிரான்சிஸ்டரின் தலையில் உள்ள நான்கிலக்க எண்ணை நம்பி ஆண்டு சொல்லாதீர்கள். ஸ்பீக்கர் ஒயர் ஷார்ட் ஆனாலோ, ஓம் குறைந்த ஸ்பீக்கர் பெட்டியை மாட்டினாலோ முதலில் போவது அதுதான். பல ஆம்ப்களில் அது பழுது பார்த்த ஆண்டையே காட்டும்.

மடல் 5

நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது:

ஆலைக்கால எண்: பாட், ஸ்பீக்கர் முதலிய பாகத்தைச் செய்த ஆலையையும், செய்த ஆண்டு, வாரத்தையும் காட்டும் எண். ஆம்ப் செய்த காலம் அன்று. எ-டு: "நான்கு பாட்களின் ஆலைக்கால எண்ணும் 1966-ஐக் காட்டுவதால், இந்த ஆம்ப் அதற்கு முந்தியது அல்ல."