ஸ்லோ குக்கர்: பருப்பு வேகவில்லை, மட்டன் குழம்பு தண்ணீர், ராஜ்மா சாப்பிட்டு வாந்தி. மெஷின் கோளாறா, என் கோளாறா?

ஷிஃப்ட்டுக்காரி (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

எல்லோருக்கும் வணக்கம். ஸ்லோ குக்கர் (மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பானை) வாங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. மூன்றரை லிட்டர், உள்ளே பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி. லோ, ஹை, வார்ம் என்று ஒரே ஒரு திருகு. பகல் ஷிஃப்ட் என்றால் காலை 6:45க்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரி எட்டரைக்குத்தான் திரும்புவேன். வீட்டுக்காரர் மாலை ஐந்தரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார். வந்ததும் அவர் சோறு மட்டும் வைத்தால் போதும், குழம்பு தயாராக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிக்கொண்டே இருக்கிறது.

முதலில் சாம்பார். துவரம்பருப்பு ஒரு டம்ளர், தக்காளி, புளித்தண்ணீர், சாம்பார் பொடி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் காலையிலேயே ஒன்றாகப் போட்டு லோவில் பத்து மணி நேரம் வைத்தேன். முருங்கைக்காய் நாராகக் கரைந்துவிட்டது. பருப்பு மட்டும் பல்லில் நறநறவென்று கடிபட்டது.

அடுத்தது மட்டன் குழம்பு. பொய் சொல்லக் கூடாது, கறி நன்றாக வெந்து எலும்பை விட்டுக் கழன்று வந்தது. ஆனால் குழம்பு வெறும் தண்ணீர். இஞ்சி பூண்டு பச்சை வாசனை அப்படியே நின்றது. தேங்காய்ப் பால் திரிந்து மேலே துகள் துகளாக மிதந்தது. என் பெரியவன் அதற்கு ஆஸ்பத்திரி சூப் என்று பெயர் வைத்துவிட்டான்.

மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது. ராஜ்மா. ராத்திரி ஊறவைத்து, காலையில் மசாலாவோடு லோவில் போட்டேன். கொஞ்சம் கடிப்பாக இருந்தாலும் சாப்பிடும்படி இருந்தது என்றார் வீட்டுக்காரர். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் அவருக்கும் பெரியவனுக்கும் வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. மறுநாள் காலை இருவரும் சரியாகிவிட்டார்கள். நான் மீதியைக் கீழே கொட்டிவிட்டேன்.

மெஷின் சூடாகவில்லையோ? ரசீது இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

நாலு விசில் (மதுரை)

திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் வாங்குங்கள் சகோதரி. பருப்புக்கு நாலு விசில், மட்டனுக்கு எட்டு விசில், பிரச்சினை முடிந்தது. பத்து மணி நேரம் பருப்பு வேகவைப்பதெல்லாம் எந்த ஊர் நியாயம்?

ஷிஃப்ட்டுக்காரி

அண்ணா, பிரஷர் குக்கர் வீட்டில் இருக்கிறது. ஆனால் அது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டிய சாமான். ஆள் இல்லாத நேரத்தில் வேக வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன்.

கெமிஸ்ட்ரி டீச்சர் (கோவை)

மற்றதெல்லாம் பிறகு. முதலில் ராஜ்மா. அதை இனி ஊறவைத்து நேராக ஸ்லோ குக்கரில் போடவே போடாதீர்கள்.

ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. பைட்டோஹீமக்ளூட்டினின் என்று பெயர். பயறு வகைகள் பலவற்றில் கொஞ்சம் உண்டு, சிவப்பு ராஜ்மாவில்தான் மிக அதிகம். நாலைந்து வேகாத கொட்டைகளே வாந்தி எடுக்கவைக்கப் போதும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். நீங்கள் சொன்ன நேரக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் இந்த நச்சு அழிந்துவிடும். கொதிக்காத சூட்டில் அழியாது. இன்னும் மோசம், 80 டிகிரி அளவில் அரைகுறையாகச் சூடுபடுத்தினால் பச்சையாக இருந்ததைவிட ஐந்து மடங்குவரை வீரியம் கூடலாம். ஸ்லோ குக்கரில் கெட்டியான குழம்பு, அதுவும் லோவில், பல மணி நேரம் அந்த 75, 80 டிகிரியிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் நீங்கள் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்பது இங்கே கணக்கே இல்லை, கொதித்ததா என்பதுதான் கணக்கு.

செய்ய வேண்டியது: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்துக் கொதி வந்த பிறகு 10 நிமிடம் விடாமல் கொதிக்க வேண்டும். 30 நிமிடம் என்று அமெரிக்க உணவுத் துறை சொல்கிறது, உள்ளே வரை சூடு ஏறியதா என்ற சந்தேகமே இல்லாமல் இருக்க. நானும் 30 என்றே சொல்வேன். அதன் பிறகு ஸ்லோ குக்கருக்குப் போகலாம். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதை நேராகப் போடலாம். பிரஷர் குக்கரில் முழுதாக வெந்ததிலும் பயம் இல்லை, உள்ளே சூடு 120 டிகிரி பக்கம் போய்விடுகிறது.

ஷிஃப்ட்டுக்காரி

டீச்சர், படித்ததும் கை நடுங்கிவிட்டது. நான் மசாலாப் பாக்கெட் பழையது, அதனால்தான் என்று நினைத்து மசாலாவைத் தூக்கிப் போட்டேன். ராஜ்மா இன்னும் அரை கிலோ டப்பாவில் இருக்கிறது! வீட்டுக்காரரிடம் வேறு, கடைத் தெருவில் சமோசா தின்றீர்களா என்று சண்டை போட்டேன்.

கரண்டிக்கூலி (பர்மிங்ஹாம்)

தப்பான மசாலாவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். :)

நான் கேன்டீன் சமையலில் இருக்கிறேன். மெஷின் கோளாறா என்று கேட்டீர்களே, அதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். பாத்திரத்தில் பாதி வரை சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் விடுங்கள். மூடியைத் திறந்த கையோடு சமையல் தெர்மாமீட்டரை விடுங்கள். திறந்துவைத்துவிட்டுத் தேடினால் சூடு இறங்கிவிடும். 85இலிருந்து 93 டிகிரிக்குள் காட்டினால் மெஷின் சரி. அதற்குக் கீழே என்றால் ரசீதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம் மூன்று கேள்வி. கறியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராகப் போடுகிறீர்களா? நடுவில் யாராவது மூடியைத் திறக்கிறார்களா? பாத்திரம் எவ்வளவு நிரம்புகிறது?

ஷிஃப்ட்டுக்காரி

1. ஆமாம், ஐஸ் கட்டியாகவே.
2. மாலை வந்ததும் வீட்டுக்காரர் கால் மணிக்கு ஒரு தடவை திறந்து கிளறுவார். அடிபிடித்துவிடுமாம்.
3. விளிம்பு வரை.

எழுதும்போதே எனக்குப் புரிகிறது, திட்டாதீர்கள்.

கரண்டிக்கூலி

திட்டவில்லை. ஆனால் முதலாவதை இன்றோடு நிறுத்துங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். உறைந்த கறி அந்த இடைவெளியைத் தாண்ட ஸ்லோ குக்கரில் பல மணி நேரம் ஆகிவிடும். முந்தின ராத்திரி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுதாக இளகவிட்டுப் போடுங்கள்.

மூடியை ஒரு தடவை திறந்தால் இழந்த சூட்டை மீட்க 20, 30 நிமிடம் ஆகும். உங்கள் வீட்டுக்காரர் திறக்கிற வேகத்துக்கு அது மீளவே மீளாது. சூடு சுற்றுப் பக்கத்திலிருந்து மெதுவாக வருகிறது, அதனால் தண்ணீர்ப் பதமாக இருக்கிற குழம்பு சுலபத்தில் அடிபிடிக்காது என்று சொல்லிவையுங்கள். நிரப்புவது பாதிக்கு மேல், முக்கால் பாகத்துக்கு மிகாமல்.

ஸ்கார்பரோ அக்கா (கனடா)

தங்கச்சி, இறைச்சிக் கறிக்கு நான் சொல்கிறேன். இருபது வருசமாக இங்கே குளிரில் இதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது.

உங்கள் பிழை, அடுப்பில் செய்கிற வேலையையும் இதனிடமே கொடுத்தது. இது அவிக்கும். வதக்காது, பொரிக்காது, சுண்டவைக்காது. மூடிக்குள்ளே எழும்புகிற ஆவி திரும்பவும் கறிக்குள்ளேதான் விழுகிறது, ஒரு சொட்டும் வெளியே போகாது. இறைச்சியும் வெங்காயமும் வேறு தண்ணீர் விடும். அடுப்புக்கு இரண்டு கப் விடுகிற இடத்தில் இதற்கு ஒரு கப், சில வேளை அதுவும் கூடிப்போகும்.

பச்சை வாசமும் அதுதான். இஞ்சி உள்ளி விழுதின் பச்சை வாசம் எண்ணெய்ச் சூட்டில்தான் போகும், எண்ணெய் தண்ணீரைவிட எவ்வளவோ கூடச் சுடும். 95 டிகிரித் தண்ணீருக்குள் பத்து மணி நேரம் கிடந்தாலும் போகாது. ஆகவே முதல் நாள் இரவே தாச்சியில் வெங்காயம் பொன்னிறமாக வதக்கி, இஞ்சி உள்ளி போட்டு, கறித்தூளும் போட்டு எண்ணெய் பிரிகிற வரைக்கும் பிரட்டி, ஆறவிட்டு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கோ. இறைச்சி வேறு டப்பாவில். காலையில் இரண்டையும் கொட்டித் திருகைத் திருப்பினால் சரி, ஐந்து நிமிட வேலை.

உருளைக்கிழங்கு போடுவதென்றால் அடியில் போடுங்கோ, இறைச்சி மேலே. இந்தப் பானையில் கிழங்கு இறைச்சியைவிடப் பிந்தித்தான் அவியும், நம்ப மாட்டீர்கள். தேங்காய்ப் பால் கடைசி அரை மணிக்குத்தான். உங்கள் அவர் வந்ததும் பாலை ஊற்றி, மூடியைச் சாய்த்து வைத்து ஹையில் விடட்டும். கொஞ்சம் வற்றவும் செய்யும். திறந்து பார்க்கிற ஆசையையும் அப்போதே தீர்த்துக்கொள்ளலாம்.

இறைச்சி எந்தப் பாகம் வாங்குகிறீர்கள்?

ஷிஃப்ட்டுக்காரி

தொடைக்கறி, எலும்பில்லாமல், அக்கா. சில சமயம் கோழி, நெஞ்சுக்கறி. கோழி பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது.

ஸ்கார்பரோ அக்கா

காசையும் கூடக் கொடுத்து ருசியையும் விடுகிறீர்கள். முன்சப்பை, கழுத்து, கால் எலும்பு கேளுங்கோ, விலையும் குறைவு. சவ்வும் நரம்பும் உள்ள இறைச்சிதான் இதற்கு. அந்தச் சவ்வு ஆறுதலாக உருகி ஜெலட்டினாகும், குழம்புக்கு அந்த ஒட்டுப் பதம் அதில்தான் வருகிறது. கோழி நெஞ்சில் உருக ஒன்றுமே இல்லை, காய்ந்துதான் போகும். கோழி என்றால் எலும்போடு தொடை.

நாலு விசில்

மசாலாவை அடுப்பில் வதக்க வேண்டும், ராஜ்மாவை அடுப்பில் கொதிக்கவைக்க வேண்டும், தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்ற வேண்டும். இந்தப் பெட்டி என்னதான் செய்கிறது?

ஸ்கார்பரோ அக்கா

நான் வேலையில் நிற்கும்போது வீட்டில் நின்று அவிக்கிறது தம்பி. உங்கள் குக்கர் செய்யுமோ?

கெமிஸ்ட்ரி டீச்சர்

பருப்புக்கு வருகிறேன். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு அதைக் கரையவிடாது. சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரும் கரையவிடாது. நீங்கள் புளியும் தக்காளியும் முதலிலேயே போட்டுவிட்டீர்கள். லண்டன் குழாய்த் தண்ணீரோ கெட்டிலில் வெள்ளையாகப் படியும் கடின நீர். இரண்டும் சேர்ந்து பருப்புக்குப் பூட்டுப் போட்டுவிட்டன. சென்னையில் போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று அம்மாக்கள் புலம்புவதும் இதே சங்கதிதான்.

பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டிய அல்லது கொதித்து ஆறித் தெளிந்த தண்ணீரில், மஞ்சள் தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் மட்டும் சேர்த்து வேகவையுங்கள். ஆப்பசோடா ஒரு சிட்டிகை உதவும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் போய்விடும். புளித்தண்ணீரைத் தனியாக அடுப்பில் காய்கறியோடு கொதிக்கவைத்துக் கடைசியில் சேருங்கள். பழைய பருப்பாக இருந்தால் இவ்வளவு செய்தும் வேகாது, டப்பாவில் எத்தனை மாதமாக இருக்கிறது என்று பாருங்கள்.

கரண்டிக்கூலி

இன்னொன்று. ராத்திரியே எல்லாவற்றையும் பீங்கான் பாத்திரத்தில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று ஒரு யோசனை கண்டிப்பாக வரும். எனக்கும் வந்தது. காலையில் ஜில்லென்ற பாத்திரத்தைச் சூட்டில் இறக்கினேன். பாதி நாளில் விரிசல் விட்டு சாம்பார் மேடையெல்லாம் ஓடியிருந்தது. தனி டப்பாதான் நல்லது.

சும்மா ஒரு கதை: இந்த மெஷினே பயறு வேகவைக்கத்தான் வந்தது. சிகாகோவில் இருந்த இர்விங் நாக்சன் என்பவர் 1940இல் காப்புரிமை வாங்கினார். லிதுவேனியாவில் அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது, யூதர்கள் ஓய்வு நாளுக்கு அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலையே பயறும் கறியும் போட்ட சட்டியை ரொட்டிச் சுடுகிற கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்களாம். ராத்திரி முழுக்கத் தணலில் வேகும். அதைக் கேட்டு வந்த யோசனை. பிறகு ரைவல் என்ற கம்பெனி அதை வாங்கி, 1971இல் கிராக்பாட் என்று விற்றது.

நாலு விசில்

பயறுக்காகவே செய்த மெஷினில் பயறு போட்டால் வாந்தியா? நன்றாக இருக்கிறது.

கெமிஸ்ட்ரி டீச்சர்

பயறு போடலாம். சிவப்பு ராஜ்மாவைக் கொதிக்கவைக்காமல் போடக் கூடாது. இரண்டும் வேறு.

ஷிஃப்ட்டுக்காரி (பத்து நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர்ச் சோதனையில் 91 டிகிரி. மெஷின் மேல் குற்றம் இல்லை, ரசீதைக் கிழித்துப் போட்டாயிற்று.

முன்சப்பையும் கழுத்தும் சேர்த்து ஒரு கிலோ, ராத்திரியே வதக்கிய மசாலா, முக்கால் கப் தண்ணீர்தான். அவ்வளவு கம்மியாக ஊற்றக் கை வரவே இல்லை. லோவில் பத்தரை மணி நேரம். மூடியின் மேல் 'திறக்காதே' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனேன். ஐந்தரைக்குத்தான் வீட்டுக்காரர் திறந்து பால் ஊற்றினார். நான் எட்டரைக்கு வந்தபோது எனக்கு வெறும் எலும்பு இரண்டும் அடிக்குழம்பும்தான் மிச்சம். பெரியவன் ஒன்றும் பெயர் வைக்கவில்லை.

ராஜ்மாவை 30 நிமிடம் கொதிக்கவைத்தேன். ஆனாலும் முதல் நாள் யாரும் தட்டில் போட்டுக்கொள்ளவில்லை. நான் மட்டும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து காட்ட வேண்டியதாயிற்று.

சாம்பார் பருப்பு வடிகட்டிய தண்ணீரில் வெந்தது. வெந்தது என்றால் வெந்தது, அவ்வளவுதான். மத்து போட்டுக் கடைந்தாலும் குக்கர் பருப்பின் மசிவு வரவில்லை. அதற்கு மட்டும் நாலு விசில் அண்ணா சொன்னபடி விடுமுறை நாளில் குக்கரில் வேகவைத்து, பங்கு பங்காக ஃப்ரீசரில் போட்டுவிட்டேன்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இந்த வாரம் ராத்திரி ஷிஃப்ட். பிளக்கில் டைமர் மாட்டி, மாலை போட்டுவிட்டுப் போய், நடு ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஆன் ஆகும்படி வைக்கலாமா?

கரண்டிக்கூலி

கறி இருந்தால் கூடாது. அத்தனை மணி நேரம் பச்சைக் கறி வெளிச்சூட்டில் கிடக்கும். நீங்கள் கிளம்பும்போதே லோவில் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் மெஷினில் தானாக வார்முக்கு மாறும் வசதி இல்லை, அதனால் வீட்டுக்காரரைப் படுப்பதற்கு முன் பார்க்கச் சொல்லாமல், விடிந்ததும் எழுந்து வார்முக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

ஷிஃப்ட்டுக்காரி

சரி. சீட்டை மாற்றி எழுதிவிடுகிறேன்.