நாலு டிராக் கேசட்டில் பாடிய குரல் பாட்டை முந்திக்கொண்டு ஓடுகிறது, ஓசையும் மங்கல் – உதவுங்கள்

மெல்லிசை இரவு:
வணக்கம். கொஞ்ச நாளாக ஒரு பழைய நாலு டிராக் கேசட் ரெக்கார்டரை (ஒரே டேப்பில் நாலு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் மெஷின்) வீட்டு ஸ்டுடியோவில் பயன்படுத்துகிறேன். கம்ப்யூட்டரில் பாடும்போது ஒரே வரியை முப்பது தடவை பதிந்து, வெட்டி ஒட்டி, கடைசியில் அது என் குரலாகவே தெரிவதில்லை. டேப்பில் அப்படி முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பல்லவியையும் பாடித்தான் ஆக வேண்டும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதனால் இதைக் கைவிட மனமில்லை. ஆனால் மூன்று தொல்லைகள்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பின்னணி இசையை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே டேப்பில் பாடுகிறேன். பிறகு டேப்பை ஓடவிட்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகத் திரும்பக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். முதல் வரியைச் சரியாகப் பொருத்தினாலும், நாலு நிமிடப் பாட்டின் முடிவில் குரல் முக்கால் நொடி முன்னால் போய்விடுகிறது.

இரண்டாவது, ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கின்றன.

மூன்றாவது, தெளிவு வேண்டும் என்று அதே மைக்கில் நேராகக் கம்ப்யூட்டரிலும் பதிந்ததை டேப் குரலோடு கலந்தேன். குழாய்க்குள் நின்று பாடுவது போல ஆகிவிட்டது.

பழைய ரீல்:
தம்பி, முதலில் ஹெட்டை, அதாவது டேப்பைத் தொட்டுப் பதிந்து ஒலிக்கும் பாகத்தைச் சுத்தம் செய்யுங்கள். பஞ்சுக் குச்சியை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஹெட்டையும், டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் கம்பியையும் துடையுங்கள். பழுப்பாக ஒட்டிக்கொண்டு வருவது டேப்பிலிருந்து உதிர்ந்த காந்தத் தூள். அது ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே ஒரு மயிரிழை படிந்தாலே ட்ரெபிள், அதாவது மேல்ஸ்தாயி ஓசை முதலில் போய்விடும். அப்புறமும் மங்கலாக இருந்தால், ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் அஸிமத் திருகை (ஹெட்டின் சாய்வுக் கோணத்தை மாற்றுவது) மெதுவாகத் திருப்பி, ஓசை பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

சாலிடர் வாசம்:
சுத்தம் செய்வது சரி. அஸிமத் திருகைத் தொட வேண்டாம், தயவுசெய்து. பதிவதும் ஒலிப்பதும் ஒரே ஹெட்தான். கோணம் தவறாக இருந்தாலும் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் தவறாக இருக்கும். தன் மெஷினில் தானே பதிந்த டேப்பில் அது காதுக்குத் தெரியாது. இப்போது திருப்பினால் இதுவரை பதிந்த கேசட் எல்லாம் மங்கிவிடும். வேறு மெஷினில் பதிந்த டேப்பைக் கேட்க வேண்டியிருந்தால்தான் அந்தத் திருகு.

நண்பரே, நாலு கேள்வி. எந்த வகைக் கேசட்? பதிந்தபோதும் ஏற்றியபோதும் டேப்பின் வேகத்தை மாற்றும் பிட்ச் குமிழ் ஒரே இடத்தில் இருந்ததா? மெஷினை ஆன் செய்து எவ்வளவு நேரத்தில் பதிந்தீர்கள், எவ்வளவு நேரத்தில் ஏற்றினீர்கள்? டேப் இரைச்சலைக் குறைக்கும் டிபிஎக்ஸ் சுவிட்ச் எப்படி இருந்தது?

மெல்லிசை இரவு:
ஐயா, பஞ்சு காப்பிக் கொட்டை நிறத்தில் வந்தது. ஐந்தாவது குச்சிதான் வெள்ளையாக இருந்தது. மங்கல் பாதி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. திருகைத் தொடவில்லை.

கேசட் சாதாரண வகை, டைப் ஒன்று. பிட்ச் குமிழ் நடுவில்தான் இருந்தது. டிபிஎக்ஸ் இரண்டு முறையும் ஆன். காலையில் ஆன் செய்த உடனே பாடினேன். கம்ப்யூட்டரில் ஏற்றியது இரவு, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு.

சாலிடர் வாசம்:
காரணம் உங்கள் பதிலிலேயே இருக்கிறது.

மங்கல்: இந்த நாலு டிராக் மெஷின்கள் பெரும்பாலும் டைப் இரண்டு, அதாவது குரோம் வகை டேப்புக்கு அளவு செய்யப்பட்டவை. பதியும்போது ஒலியோடு சேர்த்து, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றும் ஹெட்டுக்குப் போகும். அதற்குப் பெயர் பயஸ். டைப் இரண்டுக்கு அது அதிகம் வேண்டும். அதே அளவைச் சாதாரண டேப்புக்குக் கொடுத்தால், பதியும் நேரத்திலேயே மேல்ஸ்தாயி ஓசையைக் கொஞ்சம் அழித்துக்கொண்டே போகும். பிறகு ஈக்வலைசரில் ஏற்றினால் ஏறுவது இரைச்சல்தான். டைப் இரண்டு கேசட் வாங்குங்கள், 60 நிமிடமோ 90 நிமிடமோ போதும். 120 நிமிட டேப் மிக மெல்லியது, நீண்டுவிடும்.

டிபிஎக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பதியும்போது ஏற்ற இறக்கத்தை 2:1 என்று சுருக்கி, ஒலிக்கும்போது அதே அளவு விரிக்கும். ஹெட் அழுக்கால் 3 டெசிபல் குறைந்தால், விரித்த பிறகு 6 டெசிபல் குறைவாக வரும். ‘ஸ’ மட்டும் ஒலிக்கும் கணங்களில் அந்தக் குறைவு அப்படியே காதில் விழும்.

முந்தி ஓடுவது: மெஷின் எப்போதும் ஒரே அளவு வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, பதிந்த பிழை ஒலிக்கும்போது ஈடாகிவிடும். ஆகவே வேகம் இடையில் மாறியிருக்கிறது. 240 நொடியில் முக்கால் நொடி என்றால் 0.3 சதவீதம். சுருதியில் அது ஐந்து சென்ட்தான் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). காது மன்னித்துவிடும், தாளம் மன்னிக்காது. குளிர்ந்த மெஷின் மெதுவாக ஓடியிருக்கும், சூடான பிறகு வேகம் பிடித்திருக்கும். பெல்ட் வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு சோதனை. ஆன் செய்தவுடன் 1000 ஹெர்ட்ஸ் ஓசையைப் பதியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் அளந்து பாருங்கள்.

மூன்றாவது தொல்லைக்கு மருந்து, கலக்காமல் இருப்பதுதான். ஒரே குரலின் இரண்டு பிரதிகள் மில்லி நொடிக் கணக்கில் விலகினால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு டேப் மெஷின்களை ஒன்றாக ஓடவிட்டுத்தான் ஃபிளாஞ்சிங் என்ற விளைவையே கண்டுபிடித்தார்கள். நீங்கள் கேட்பது அதுதான்.

கமகம்:
இவ்வளவு பாடுபடத்தான் வேண்டுமா? டேப் ஓசையைக் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கும் ப்ளக்-இன் மென்பொருள்கள் நன்றாக வந்துவிட்டன. அதிக அளவில் பதிந்தால் டேப் என்ன செய்யும்? உச்சிகளை மழுக்கி, மூன்றாம் ஹார்மோனிக்கை, அதாவது மூல ஓசையின் மும்மடங்கு அதிர்வெண்ணைச் சேர்க்கும், மேல்ஸ்தாயியைச் சற்று அடக்கும். இதைக் கணக்காக எழுதிவிடலாம், எழுதியும் விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நான் டேப்பை விட்டு ஐந்து வருடமாகிறது, ஏக்கம் ஏதும் இல்லை.

பழைய ரீல்:
ஓசை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் தம்பி முதலில் எழுதியதை மறுபடி படியுங்கள். அவர் ஓசையைத் தேடி வரவில்லை, முப்பது தடவை பாடுவதிலிருந்து தப்பி வந்திருக்கிறார். 1979-இல் டாஸ்காமின் போர்ட்டாஸ்டுடியோ 144 வந்தபோது வீட்டில் நாலு டிராக் கிடைத்ததே பெரிய விடுதலை. இன்று நாலே டிராக் என்பதுதான் விடுதலையாக இருக்கிறது. மூன்று டிராக்கை ஒன்றாகக் கலந்து நாலாவதில் இறக்கினால், தம்புரா அதிகமா குரல் குறைவா என்பதை அந்த நிமிடமே முடிவு செய்ய வேண்டும். பிறகு மாற்ற முடியாது. எனக்கு அப்போதுதான் காது நன்றாகத் திறக்கிறது. கைவிரல் ஒலி அளவை ஏற்றி இறக்கும் ஃபேடரில் இருக்கும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை.

அஸிமத் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். நண்பர் சொன்னதுதான் சரி.

மெல்லிசை இரவு:
சோதித்துவிட்டேன். 1003 ஹெர்ட்ஸ்! கணக்கு அப்படியே பொருந்துகிறது.

மெஷினைத் திறந்து பெல்ட்டைக் கழற்றினேன். கப்பியில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த இடம் மடிந்து, மேசைமேல் வைத்த பிறகும் அந்த வளைவு நிமிரவில்லை. தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டியது. கப்பியில் ஒட்டியிருந்ததையும் ஆல்கஹாலில் துடைத்து எடுத்தேன். பழைய பெல்ட் நீண்டிருக்கும் என்பதால் அதைவிடச் சற்றுச் சிறிய பெல்ட்டாகப் பார்த்து மாட்டினேன். இப்போது அரை மணி நேரம் சூடாக விட்டுப் பதிந்தால், பிறகு கேட்கும்போது 1000.4-க்கு மேல் போவதில்லை. டைப் இரண்டு கேசட்டில் ‘ஸ’ திரும்ப வந்துவிட்டது. ‘வசந்தம்’ என்று பாடினால் ‘வசந்தம்’ என்றே கேட்கிறது.

ஆனாலும் நாலு நிமிடத்தில் பத்தில் ஒரு நொடி மிச்சம் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

சாலிடர் வாசம்:
அதைப் பெல்ட்டால் சரிசெய்ய முடியாது. இரண்டு வழி இருக்கிறது. பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ‘டிக்’ ஓசையைக் குரல் டிராக்கிலேயே பதிந்துவிடுங்கள். ஏற்றிய பிறகு இரண்டு டிக்கும் பழைய இடத்தில் விழும்படி கோப்பின் நீளத்தை நீட்டினால் போதும்.

நான் செய்வது இரண்டாவது வழி. கம்ப்யூட்டரை எஜமானாக வைக்காமல், தம்புரா, கிட்டார், குரல், தாளம் எல்லாவற்றையும் டேப்பிலேயே பதிவேன். பிறகு நாலு டிராக்கையும் நாலு தனித்தனி வயரில் ஒரே ஓட்டத்தில் ஏற்றுவேன். டேப் இழுத்தாலும் தளர்ந்தாலும் நாலும் சேர்ந்தே அசையும், எதுவும் எதையும் முந்தாது. நாலு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸும், மெஷினில் தனித்தனி டேப் அவுட் துளைகளும் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும். டேப்பின் மழுங்கல் குரலில் வேண்டும் என்றால் டிபிஎக்ஸை அணைத்துவிட்டு, ஒலி அளவு காட்டும் முள் சிவப்பில் எட்டிப்பார்க்கும் அளவுக்குப் பாடிப் பாருங்கள். இரைச்சல் கூடும். பரவாயில்லையா என்று உங்கள் காதுதான் சொல்ல வேண்டும்.

மெல்லிசை இரவு:
தனி டேப் அவுட் நாலும் இருக்கின்றன, பின்பக்கத்தில். என் இன்டர்ஃபேஸில் இரண்டே உள்ளீடுதான். ஆகவே இப்போதைக்கு டிக் வழி.

நேற்று இரவு டிபிஎக்ஸை அணைத்துப் பாடினேன். முதல் முறை முள் போதிய அளவு ஏறவில்லை. இரண்டாவது முறை சரணத்தின் நடுவில் மூச்சு வாங்கியது கேட்கிறது. மூன்றாவதை வைத்துக்கொண்டேன். இரைச்சல் இருக்கிறது, தம்புரா நுழைந்ததும் அதற்குள் போய்விடுகிறது.