இணை மேலாண்மையா, உடனாளுமையா? ஆற்று மீனுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

பதினோராம் வகுப்புத் துணைப்பாட நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அலாஸ்காவின் குஸ்கோக்விம் ஆற்றில் சால்மன் மீன்பிடிப்பை யூபிக், அதபாஸ்கன் மக்களும் அமெரிக்க மத்திய அரசும் சேர்ந்து நிர்வகிப்பதைப் பற்றிய பாடம் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கோ-மேனேஜ்மென்ட்' என்கிறார்கள். நான் 'கூட்டு மேலாண்மை' என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஆசிரியை, "இது மீனவர் கூட்டுறவுச் சங்கமா?" என்று கேட்டார். மாணவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பழங்குடி' என்று எழுதலாமா என்பதையும் சொல்லுங்கள்.

திருச்சியிலிருந்து

---

அன்பு மகளுக்கு,

'மேலாண்மை'யில் வரும் 'ஆண்மை' பற்றிக் குழப்பம் வேண்டாம். தாளாண்மை, வேளாண்மை என்று 613ஆம் குறளிலேயே இரண்டு ஆண்மைகள் வருகின்றன. இரண்டும் ஆளும் தன்மையைக் குறிப்பவை. என்னை உறுத்துவது 'மேல்'. ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்கிறவர்களைப் பற்றிய சொல்லில் 'மேல்' எதற்கு? 'உடனாளுமை' என்று எழுதுங்கள். உடன்பிறப்பு, உடன்படிக்கை என்ற வரிசையில் இயல்பாக நிற்கும்.

'பழங்குடி' என்று தயங்காமல் எழுதலாம். "வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று" என்கிறது 955ஆம் குறள். கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போனாலும் பண்பில் குறையாத தொன்மையான குடி என்பது பொருள். அரசுப் பட்டியலில் ஏறிய பிறகுதான் நம் காதில் அந்தச் சொல்லின் மதிப்பு இறங்கியது. சொல்லின் மேல் பழி இல்லை.

வாக்கியம் அமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே" என்கிறது தொல்காப்பியம். இருவர் சேர்ந்து ஒரு செயலைச் செய்யும்போது 'ஒடு' உருபு உயர்ந்தவரின் பெயரோடு சேரும். 'அரசனோடு காவலர் வந்தனர்' என்போம். 'அரசோடு பழங்குடியினர் நிர்வகிக்கிறார்கள்' என்று எழுதினால் யார் பெரியவர் என்பதை உருபே சொல்லிவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து

---

பேராசிரியர் ஐயாவுக்கும் தங்கைக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகள் மீன்வளத் துறையில் இருந்தவன் நான். 'உடனாளுமை' என்று எழுதிக் கடற்கரையில் யாரிடம் காட்டினாலும் பொருள் கேட்பார்கள். 'இணை மேலாண்மை' என்பது அறிக்கைகளில் ஏற்கெனவே புழங்குகிறது. ஆனால் 'இணை'யிலும் ஒரு சங்கடம் உண்டு. அலுவலகத்தில் இணை இயக்குநர் என்றால் இயக்குநருக்குக் கீழே இருப்பவர். இரண்டு கை ஒரே அளவு என்ற பொருளை அரசாணைகள் தேய்த்துவிட்டன. இருந்தாலும் பையன்களுக்கு 'இணைகோடு' தெரியும். அந்தப் பொருளில் பிடித்துக்கொள்வார்கள்.

மீனவர் வாயிலிருந்தே சொல் வேண்டுமென்றால் பழவேற்காட்டில் 'பாடு' இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். ஆனால் அது ஊர் தனக்குள் வைத்துக்கொள்ளும் முறை. அதில் அரசு இல்லை. ஆகவே இங்கே பொருந்தாது.

இன்னொன்று: சால்மனைக் 'காலா' என்று எழுதிவிடாதீர்கள். சந்தையில் காலாவை இந்திய சால்மன் என்று விற்கிறார்கள். அது வேறு மீன். முட்டையிட ஆறேறிப் போகாது.

தூத்துக்குடியிலிருந்து

---

அண்ணன் சொன்னதும் ஐயா சொன்னதும் நான் இருக்கும் ஊரில் நீதிமன்றம் வரை போன விஷயம்.

சியாட்டிலிலிருந்து ஒலிம்பியாவுக்குக் காரில் போனால் நிஸ்குவாலி ஆற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். அந்த ஆற்றில் மீன் பிடித்ததற்காக நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் 1945இல், 14 வயதில், முதல்முறை கைதானார். பிறகு ஐம்பது முறைக்கு மேல் கைதானார். நிஸ்குவாலி முதலிய பழங்குடிகளும் அமெரிக்க அரசும் 1854 டிசம்பரில் கையெழுத்திட்ட மெடிசின் கிரீக் உடன்படிக்கைப்படி, வழக்கமான இடங்களில் 'குடிமக்கள் அனைவரோடும் பொதுவாக' மீன்பிடிக்கும் உரிமை அந்தப் பழங்குடிகளுக்கு உண்டு. அதைப் பேசி முடித்தது சினூக் என்னும் கலப்புமொழியில். சில நூறு சொற்களே கொண்ட சந்தை மொழி அது. 'பொதுவாக' என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

மற்ற எந்தக் குடிமகனுக்கும் இருக்கும் உரிமைதான் இவர்களுக்கும் என்று வாஷிங்டன் மாநில அரசு வாதிட்டது. நீதிபதி ஜார்ஜ் போல்ட் 1974 பிப்ரவரி 12 அன்று வேறு விதமாகப் படித்தார்: உடன்படிக்கை இரண்டு தரப்புக்கு இடையில், ஆகவே பிடிக்கத்தக்க மீனில் பாதி பழங்குடிகளுடையது. 1979இல் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு உறுதி செய்தது. ஐயா, உங்கள் 'ஒடு' உருபு இங்கே பாதி மீனின் விலை பெற்றது.

1980களிலிருந்து மாநிலமும் பழங்குடிகளும் ஆண்டுதோறும் உட்கார்ந்து பருவத்தை வகுக்கிறார்கள். 2016இல் உடன்பாடு எட்டவில்லை. பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியின் சால்மன் பருவம் தள்ளிப்போனது. இவர்கள் தலையசைக்காமல் நடக்காது என்ற நிலைதான் 'இணை'. என் ஓட்டு 'இணை மேலாண்மை'க்கு.

சியாட்டிலிலிருந்து

---

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் சிக்கல் பெரிதாகிவிட்டது.

என் பாடம் குஸ்கோக்விம். அங்கே 33 பழங்குடி அரசுகள் 2015இல் ஓர் ஆணையம் அமைத்தன. 2016இல் மத்திய மீன் வனவிலங்குத் துறையோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது. ஆணையத்தின் பிரதிநிதிகளைக் கலந்துபேசித்தான் எந்த நாளில் வலை போடலாம், கண்ணி எவ்வளவு அகலம் என்று முடிவாகிறது. ஆனால் இறுதி ஆணை அரசு அதிகாரியுடையது. வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பது போன்ற பாதிப் பங்கு அங்கே இல்லை.

இந்த வேறுபாடு சின்னதில்லை. அரசமீன் என்று நான் எழுதியிருக்கும் பெரிய சால்மன் ஜூனில் ஆறேறும். மீனைக் கீறிக் கொம்பில் தொங்கவிட்டுக் காயவைக்க ஏற்ற வறண்ட காற்று அப்போதுதான் வீசும். பிறகு மழையும் ஈயும் வந்துவிடும். மீன் வரத்து குறைந்த ஆண்டுகளில் அதே ஜூனில்தான் ஆற்றை மூடுகிறார்கள். திறந்துவிடும்போது மீன் இருக்கும், வெயில் இருக்காது. இதை அதிகாரியின் மேசையில் எடுத்துச் சொல்ல ஒரு குரல் கிடைத்தது என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் பெருமை. குரலோடு அது நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. யூபிக் மொழியில் மீனுக்கும் உணவுக்கும் 'நெக்க' என்று ஒரே சொல். அவர்களுக்கு ஆறு மூடினால் அடுப்பு மூடியது போல.

இரண்டு ஏற்பாட்டையும் 'இணை மேலாண்மை' என்று எழுதினால், குஸ்கோக்விமிலும் பாதி அதிகாரம் இருப்பதாகப் பிள்ளைகள் படிப்பார்கள். அங்கே 'கலந்தாய்வு மேலாண்மை' என்று எழுதலாமா?

திருச்சியிலிருந்து

---

வேண்டாம் தங்கை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழில் இரண்டாக்கினால், நாளை மேற்படிப்புக்குப் போகும் பையன் தடுமாறுவான். சொல் ஒன்றாக இருக்கட்டும். அதிகாரம் யாரிடம் என்பதை வாக்கியம் சொல்லட்டும்.

தூத்துக்குடியிலிருந்து

---

அண்ணன் சொன்னதே சரி.

சியாட்டிலிலிருந்து

---

இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டும் சொல்லை நான் ஏற்க மாட்டேன். மகள் கேட்ட இரண்டு சொல் நியாயமானது. 'உடனாளுமை'யை வாஷிங்டனுக்கு வையுங்கள்; குஸ்கோக்விமுக்குக் 'கலந்தாய்வு' போதும். என் மறுப்பைக் குழுப் பதிவில் வையுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

---

ஐயா, பதிவில் வைத்துவிட்டேன். பெரும்பான்மை 'இணை மேலாண்மை'. அதையே அனுப்பிவிட்டேன். முதல் பத்தியிலேயே, "இறுதி முடிவு அரசு அதிகாரியுடையது" என்ற வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறேன். 'பழங்குடி' நீங்கள் சொன்னபடியே நிற்கிறது. எங்கும் 'அரசோடு' என்று எழுதவில்லை. 'பழங்குடியினரோடு அரசு' என்றே எழுதியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து