தே கோப்பை முதல் ரத்தப் பரிசோதனை வரை: சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் திட்டங்களில் எது கைகொடுக்கும்?

யீஷூன்_வாசி கேட்டது:

சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2001லிருந்து இருக்கு. எம்ஆர்டி ரயில்ல விளம்பரம், காலடிச் சவால், பொருள் மேல சிவப்பு முத்திரை, இப்போ பான டப்பாவுல ஏ, பி, சி, டி. இதுல எது வெறும் சுவரொட்டி, எது நிஜமாவே உடம்புக்கு ஆகுதுன்னு விவரம் தெரிஞ்சவங்க பிரிச்சுச் சொல்லுங்களேன். "காய்கறி நிறைய சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க" மாதிரி பதில் வேண்டாம், அது மின்தூக்கிக் கதவுலயே ஒட்டியிருக்கு.

முக்கியமா மூணு சந்தேகம். பாட்டில் பானத்துக்கு எழுத்து இருக்கு, சரி. காப்பிக்கடைத் தேக்கு, அதான் டீக்கு, என்ன கணக்கு? முழுக்கொழுப்புப் பாலுக்கு சி, சர்க்கரை இல்லாத கோலாவுக்கு பி, இது எந்த ஊர் நியாயம்? 40 தாண்டினவங்களுக்கான பரிசோதனைக்கு எங்க பதியணும், எவ்வளவு ஆகும், எந்த இடத்துல சொதப்பும்?

கண்டென்ஸ்டு_கணக்கு பதில்:

எழுத்து விஷயத்தை மட்டும் எடுத்துக்கறேன். அந்தத் திட்டத்துக்குப் பேர் நியூட்ரி-கிரேடு, ஏ நல்லது, டி மோசம். அது 2022 டிசம்பர் 30 அன்று டப்பா, பாட்டில், பாக்கெட் பானங்களுக்கு வந்தது. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2023 டிசம்பர் 30 முதல், கடையில கலக்கித் தர்ற பானங்களுக்கும் வந்தது. சி, டி வாங்கினா எழுத்தைப் போட்டே ஆகணும். ஏ, பி விருப்பம். டி வாங்கின பானத்துக்கு விளம்பரமே கூடாது, விற்கிற இடத்தைத் தவிர.

இந்தத் திட்டத்தோட பலன் நாம எழுத்தைப் படிக்கிறதுல இருக்குன்னு நினைச்சா ஏமாந்துடுவோம். பெரிய பலன் தொழிற்சாலைக்குள்ள. சி வாங்கிடக் கூடாதேன்னு கம்பெனிக்காரங்களே கலவையை மாத்தினாங்க. பாட்டில் பானங்களைச் சர்க்கரை அளவுப்படி வரிசையா நிறுத்தினா நடுவுல நிக்கிற பானத்துல 2017ல் 7.1 சதவீதம் சர்க்கரை, 2023ல் 4.6. எழுத்தை ஏறெடுத்தும் பார்க்காதவங்க வாய்க்கும் சர்க்கரை குறைஞ்சுதான் போகுது. சுவரொட்டி எத்தனை ஒட்டினாலும் இது நடந்திருக்காது.

எழுத்து போடற முறை: 100 மில்லிக்கு 1 கிராம் வரை சர்க்கரை இருந்தா ஏ, 5 கிராம் வரை பி, 10 வரை சி, அதுக்கு மேல டி. நிறைவுற்ற கொழுப்புக்குத் தனி வரம்பு: 0.7, 1.2, 2.8. ரெண்டுல எது மோசமோ அதுதான் பானத்தோட எழுத்து. ஏ வாங்க இன்னொரு நிபந்தனை, இனிப்பூட்டி எதுவும் சேர்த்திருக்கக் கூடாது.

இப்போ உங்க பால் விவகாரம். பாலில் இயல்பா இருக்கிற லாக்டோஸைச் சர்க்கரைக் கணக்குல சேர்க்கறதில்லை. அதனால சர்க்கரையில பால் ஏதான். ஆனா முழுப்பாலில் நிறைவுற்ற கொழுப்பு 100 மில்லிக்கு 2 கிராமுக்கு மேல, அங்கதான் சி. கொழுப்பு குறைச்ச பால் பிக்கு வரும், கொழுப்பு நீக்கினது ஏக்கு. சர்க்கரை இல்லாத கோலா இனிப்பூட்டியால ஏயை விட்டுட்டு பியில நிக்குது. கோலா பாலைவிடச் சத்தானதுன்னு யாரும் சொல்லலை. சர்க்கரை, கொழுப்பு ரெண்டை மட்டும் அளக்கிற தராசு அது. புரதம், கால்சியம் அதுக்குத் தெரியாது. நூறு சதவீதப் பழச்சாறுக்கும் தயவு கிடையாது: ஆரஞ்சு பெரும்பாலும் சி, திராட்சை டி.

காப்பிக்கடைக்கு வருவோம். சின்னக் கடைகளுக்கு விலக்கு இருக்கு, அதனால எழுத்து கண்ணுல படாது, நாமளே போட்டுக்கணும். 200 மில்லி தேயில கண்டென்ஸ்டு மில்க் ரெண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 40 கிராம். அதுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா, 18 கிராம், சேர்த்த சர்க்கரை. 100 மில்லிக்கு 9, அதாவது சி. அதுக்கு மேல ஒரு தேக்கரண்டி சீனி தட்டினா 11ஐத் தாண்டும், டி. பாலைப் பாதியாக்கிச் சீனியைத் தவிர்த்தா 4.5, பி. தே சி கோசோங்னா, அதாவது ஆவியாக்கின பால் ஊத்தின, சீனி போடாத தேன்னா, சர்க்கரையில ஏ. ஆனா அந்தப் பாலோட கொழுப்பு அதை பிக்கு இறக்கும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்தான் சுத்தமான ஏ.

தூள், பால், சீனி மூணும் கலந்த த்ரீ-இன்-ஒன் பாக்கெட்டில ஒரு நுணுக்கம். பாக்கெட்டில எழுதின அளவு தண்ணி ஊத்தினா வர்ற எழுத்து அது. 9 கிராம் சர்க்கரை உள்ள பாக்கெட்டை 180 மில்லியில கலந்தா பி. திக்கா வேணும்னு 120 மில்லியில கலந்தா 7.5 சதவீதம், சி ஆயிடும். உள்ள போற கிராம் என்னவோ அதே 9.

ரெண்டாம்_ஷிஃப்ட் பதில்:

மேல சொன்னவரோட கடைசி வரியிலதான் இந்தத் திட்டத்தோட பெரிய ஓட்டை இருக்கு, அவர் லேசா தாண்டிப் போயிட்டார். எழுத்து அடர்த்திக்குத்தான், அளவுக்கு இல்லை. 4.8 சதவீதம் பி வாங்கின 500 மில்லி பபிள் டீயில சர்க்கரை 24 கிராம். சி வாங்கின 200 மில்லி தேயில 18. பின்னு பார்த்துப் பெரிய கப் எடுத்தவர்தான் அதிகம் குடிக்கிறார். போதாததுக்கு அதுல போடற மெல்லும் முத்துக்குத் தனிச் சர்க்கரை, அது எழுத்துக்குள்ள வராது, பட்டியல்ல தனியாப் போட்டிருப்பாங்க.

அதனால எழுத்துக்குப் பக்கத்துல இருக்கிற சதவீத எண்ணைப் பாருங்க. அதை மில்லியால பெருக்கி நூறால வகுத்தா கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடறவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்ற மேல் வரம்பு 50 கிராம், முடிஞ்சா 25. ரெண்டாம் ஷிஃப்டுக்கு மூணு தே அடிக்கிறவங்க கூட்டிப் பார்த்துக்கலாம்.

இனிப்பூட்டிக்கு ஏ மறுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். எடை குறைக்க இனிப்பூட்டியை நம்ப வேண்டாம்னு 2023ல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. நாக்கு இனிப்புக்குப் பழகினபடியேதான் இருக்கும்.

கிளினிக்_கவுண்டர் பதில்:

பரிசோதனை பற்றி. பெயர் ஸ்கிரீன் ஃபார் லைஃப். குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நீலம் அல்லது ஆரஞ்சு நிற சாஸ் (CHAS) மருத்துவச் சலுகை அட்டை இருந்தால் 2. முன்னோடித் தலைமுறை எனப்படும் மூத்த குடிமக்களுக்கு இலவசம். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டத்தில் ஒரு மருந்தகத்தை (கிளினிக்கை) தேர்ந்து பதிந்துகொண்ட குடிமக்களுக்கு இதே பரிசோதனைகள் இலவசம். ஆகவே 40 தாண்டியவர் முதலில் பதிவதுதான் லாபம். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. கம்பெனிப் பரிசோதனையைத்தான் பார்க்க வேண்டும்.

ஹெல்த்ஹப் என்ற அரசுச் சுகாதாரச் செயலியில் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளத்தைக் கொண்டு நுழைந்து, ஹெல்தியர் எஸ்ஜி பக்கத்தில் வீட்டுக்கோ வேலைக்கோ அருகிலுள்ள மருந்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மருந்தகத்துக்கு நீங்களேதான் அழைத்து நேரம் வாங்க வேண்டும். செயலியில் பெயர் வந்ததும் அழைப்பு தானாக வரும் என்று காத்திருப்பவர்களே அதிகம். பேசும்போது "முதல் கலந்தாலோசனையும் ரத்தப் பரிசோதனையும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை அலைய நேரிடும்.

குறைந்தது 8 மணி நேரம் பட்டினி. தண்ணீர் குடிக்கலாம். "பால் இல்லாத காப்பிதானே" என்று குடித்துவிட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு வர வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளாகப் பாருங்கள்.

முடிவு கைக்கு வந்ததும்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.1 முதல் 6.9 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 7.0 என்றால் நீரிழிவு வாசல். ஊரிலிருந்து வரும் அறிக்கைகளில் 110, 126 என்று இருப்பது வேறு அலகு. 18ஆல் வகுத்தால் இங்குள்ள எண் வந்துவிடும். உடல் எடைக் குறியீட்டில் நமக்கு 23லேயே எச்சரிக்கை, 27.5லிருந்து அதிக ஆபத்து. 25, 30 என்று இணையத்தில் பார்ப்பது ஆசிய உடல்வாகுக்கு வைத்த கோடு அல்ல. தொப்பை சிறிதாகத் தெரிந்தாலே நம்மவர்களுக்குச் சர்க்கரை ஏறத் தொடங்கிவிடுகிறது.

50 தாண்டியவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டு குப்பி தருவார்கள், வெவ்வேறு நாளில் எடுக்க வேண்டும். கழிவறைத் தண்ணீரில் விழுந்ததிலிருந்து எடுக்கக் கூடாது. அகலமான காகிதத்தை விரித்துக்கொள்ளுங்கள். குச்சியால் மேற்பரப்பில் பல இடங்களில் கீறினால் போதும், அள்ளித் திணித்தால் மாதிரி வீண். மூலத்தில் ரத்தம் கசியும் நாளிலும் மாதவிடாய் நாளிலும் வேண்டாம். எடுத்த தேதியை எழுத மறந்த குப்பியை ஆய்வகம் ஏற்காது. இறைச்சியைத் தவிர்க்க வேண்டும் என்பது பழைய வகைப் பரிசோதனைக்கு, இதற்கு இல்லை.

இதில் நடக்கும் மோசமான பிழை ஒன்று: மலத்தில் ரத்தம் இருப்பதாக முடிவு வந்ததும் "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று மீண்டும் குப்பி கேட்பது. இரண்டாவது முறை ஒன்றும் இல்லை என்று வந்தாலும் முதல் முடிவு அழிந்துவிடாது. அடுத்த படி குடல் உள்நோக்கிப் பரிசோதனைதான்.

பெண்களுக்கு 50 முதல் 69 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மார்பக எக்ஸ்ரே. கருப்பை வாய்க்கு 25 முதல் 29 வரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பாப் பரிசோதனை, 30க்கு மேல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை எச்பிவி கிருமிப் பரிசோதனை. 40க்குக் கீழே உள்ளவர்கள் வாரியத்தின் இணையக் கேள்வித்தாளில் நீரிழிவு அபாயத்தை முதலில் பார்த்துவிட்டு, அதிகம் என்று வந்தால் ரத்தம் கொடுத்தால் போதும்.

யீஷூன்_வாசி:

ரொம்ப நன்றி, எல்லாருக்கும். உப்பைப் பத்தி யாரும் வாய் திறக்கலையே? கடையில சோடியம் குறைச்ச உப்பு வெச்சிருக்காங்க. சாம்பாருக்கு ஆகுமா? அப்புறம் நடந்தா புள்ளி தர்ற வாரியச் செயலி ஹெல்தி 365 காலடி எண்ணறது பிரயோஜனமா?

அடுப்படி பதில்:

ஆகும். ஆனா மாத்திரை டப்பாவை முதல்ல பாருங்க. இந்த உப்புல சோடியம் குளோரைடுல ஒரு பங்கை எடுத்துட்டுப் பொட்டாசியம் குளோரைடு போட்டிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்குப் பொட்டாசியம் தேங்கும், இதயத் துடிப்பே தடம் மாறலாம். ரத்த அழுத்த மாத்திரை பேர் 'பிரில்'னோ 'சார்டன்'னோ முடிஞ்சா டாக்டரைக் கேட்காம மாத்தாதீங்க. ஒரே சட்டியில சமைக்கிற வீட்டில் ஒருத்தருக்கு ஆகாதுன்னா யாருக்குமே வேண்டாம்.

இங்க 2022 கணக்குப்படி ஒருத்தர் ஒரு நாளைக்குச் சராசரியா 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடறார். வரம்பு 2,000, அதாவது ஒரு தேக்கரண்டி, 5 கிராம் உப்பு. நாலு பேர் சாம்பாருக்கு ரெண்டு தேக்கரண்டி போட்டா ஆளுக்கு 1,000 ஆயிடுது, பாதி நாள் ஒதுக்கீடு காலி. ரசம், அப்பளம், ஊறுகாய் இன்னும் வரலை.

சோடியம் குறைச்ச உப்புல பெரும்பாலும் எங்க தப்பு நடக்குதுன்னா, லேசாக் கசக்குது, உறைக்கலைன்னு இன்னும் அரைக்கரண்டி தட்டறது. 30 சதவீதம் குறைச்சது அங்கயே போச்சு. வழக்கமா போடற அதே கரண்டி, அதே அளவு, அவ்வளவுதான். புளியும் மிளகும் இருக்கிற ரசத்துல கசப்பு அமுங்கிடும்; மோர், தயிர்சாதத்துல தெரியும், அங்க சாதா உப்பையே பாதியாப் போடுங்க. கொதிக்கிறப்போ கொஞ்சமாவும் இறக்கினப்புறம் மீதியும் போட்டா மொத்தத்துல கம்மியே போதும், நாக்குக்கு மேலோட்டமா உப்பு தெரியும்.

2027 நடுவுல உப்பு, சாஸ், உடனடி நூடுல்ஸ், சமையல் எண்ணெய்க்கும் எழுத்து வரப்போகுது. பானத்துல நடந்த மாதிரி கம்பெனிங்க கலவையை மாத்தினா நூடுல்ஸ் பாக்கெட்டில மிச்சமாகும். வீட்டுச் சாம்பாருக்கு எழுத்து கிடையாது, கரண்டிதான்.

காலடிச் சவால் 2015ல ஆரம்பிச்சது. எண்ணிக்கை மட்டும் பார்த்தா வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் நடக்கிறதே சேர்ந்துடும். அதைவிட, வாரத்துக்கு 150 நிமிஷம் மூச்சு வாங்கற நடைங்கிற கணக்கு உருப்படி. பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். இதை எண்ண இதயத் துடிப்பு பார்க்கிற கைப்பட்டை வேணும், போன் மட்டும் இருந்தா காலடிதான் ஏறும். புள்ளி ஏறலைன்னு புலம்பறவங்க போன்ல மின்கலச் சேமிப்பு முறை செயலியைப் பின்னணியில நிறுத்திடுதான்னு பார்க்கணும். அதுல இந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்துட்டு, தினமும் ஒரு தடவை திறந்து தரவை ஏத்திடுங்க.

கண்டென்ஸ்டு_கணக்கு பதில்:

ஒரு விட்டுப்போன விஷயம். காப்பிக்கடையில "தே, குராங் மானிஸ்"னு, மலாய்ல இனிப்புக் கம்மின்னு, சொன்னா சில இடத்துல மேல தட்டற சீனியை மட்டும் நிறுத்துவாங்க, கண்டென்ஸ்டு மில்க் அப்படியே இருக்கும், ஏன்னா அதுதான் நிறமும் திக்கும் தருது. டியிலேருந்து சிக்கு வந்தீங்க, அவ்வளவுதான். "பால் பாதி, சீனி வேண்டாம்"னு ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுங்க. வெறும் "தே கோசோங்" கேட்டா கடைக்குக் கடை வேற வேற கோப்பை வரும். பால் வேணும்னா "தே சி கோசோங்"னு முழுசாச் சொல்லணும்.