அம்மா, அப்பா டோக்கியோ பயணம்: டிக்கெட் நேரக் கணக்கு

அப்பா: டிக்கெட் வந்துவிட்டது. சென்னையில் இரவு 11.15க்கு ஏறினால் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் மறுநாள் மாலை 5.30. கூட்டிப் பார்த்தேன், பதினெட்டேகால் மணி நேரம் வருகிறது. அம்மா முழங்கால் தாங்குமா என்று யோசனையாக இருக்கிறது.

அக்கா: அப்பா, அப்படிக் கணக்குப் போடக் கூடாது. ஏறும் நேரம் நம் ஊர் மணி, இறங்கும் நேரம் நான் இருக்கும் டோக்கியோ மணி. இப்போது உங்களுக்கு இரவு 9.10, எனக்கு நள்ளிரவு 12.40. அந்த மூன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டால் பதினாலே முக்கால்தான்.

அக்கா: அதிலும் விமானம் மாறும் சிங்கப்பூரில் 3 மணி 20 நிமிடம் எழுந்து நடக்கலாம். சீட்டில் இருப்பது முதலில் 4 மணி 20 நிமிடம், அப்புறம் 7 மணி 5 நிமிடம்.

மாமா: அத்தான், பேரனுடைய உலக உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தேன். சென்னையிலிருந்து டோக்கியோவுக்கு இழுத்துப் பிடித்தால் வங்காள விரிகுடா, மியான்மர், சீனா என்று மேலே போகிறது, சுமார் 6,500 கிலோமீட்டர். சிங்கப்பூரோ கீழே பூமத்திய ரேகைப் பக்கம். அங்கே இறங்க 2,900, அங்கிருந்து நரிட்டாவுக்கு 5,350. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் தூரம் கூடுதலாகச் சுற்றுகிறீர்கள்.

அம்மா: சுற்றாமல் போக வழியே இல்லையா?

நான்: பெங்களூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது அம்மா. ஆனால் நான்கு பெட்டியோடு ஓசூர் வழியாகப் போய், அந்த ஊர் நெரிசலை முழுக்கக் கடந்து வடக்கே தேவனஹள்ளி விமான நிலையம் வரை போக வேண்டும், அப்புறம் ஒரே மூச்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். உன் காலுக்கு நடுவில் இறங்கி நடப்பதுதான் நல்லது. வீல்சேர் இரண்டு ஊரிலும் கேட்டு எழுதிவிட்டேன்.

அப்பா: சரி. திரும்பும்போது நரிட்டா - சிங்கப்பூர் மட்டும் 7 மணி 45 நிமிடம் வருகிறதே, அதே தூரம்தானே?

அக்கா: தூரம் அதேதான், காற்றுதான் வேறு. விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்காற்று. கடற்கரை ரோட்டில் சைக்கிள் மிதித்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா?

அப்பா: இப்போது விளங்குகிறது. சர்க்கரை மாத்திரை எந்த ஊர் மணிக்குப் போடுவது?

நான்: அதை நாமாக முடிவு செய்ய வேண்டாம் அப்பா. திங்கட்கிழமை டாக்டரிடம் டிக்கெட்டைக் காட்டியே கேட்போம். மாத்திரை கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

அம்மா: நாங்கள் இறங்கும்போது வெளிச்சம் இருக்குமா கண்ணு?

அக்கா: இருக்காதும்மா, ஜனவரியில் ஐந்து மணி வாக்கிலேயே இருட்டிவிடும். நரிட்டாவிலிருந்து டோக்கியோ நகரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் வர வேண்டும். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிடாதே, கையிலேயே வைத்துக்கொள். நான் வாசலிலேயே நிற்பேன்.