குவான்டா லீக் படத்த நம்பி புது மேக்புக்குக்கு காத்துக் கெடக்கலாமா?

பாளை எடிட்டர் | 24 ஏப்ரல் 2021
அண்ணாச்சிமாரே, ஆப்பிள் கம்பெனி லேப்டாப்பு, அடுத்து வரப்போற மேக்புக் ப்ரோன்னு ஒரு படம் சுத்துதுல்லா, பாத்தியளா? ஸ்கிரீனுக்கு ஒயர் குடுக்க எச்டிஎம்ஐ, கேமரா கார்டு ஏத்த எஸ்டி கார்டு ஸ்லாட், காந்த சார்ஜர், 2016ல புடுங்குனதெல்லாம் திரும்ப வந்துருக்கு. நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன், கைல கெடக்கது 2017 மாடல், கார்டு ஏத்தவும் டாங்கிள்ங்கற மாத்து ஒயரு, மண்டபத்துல எல்இடி ஸ்கிரீனுக்கு குடுக்கவும் டாங்கிள். ஆப்பிளோட எம்1 சிப் போட்ட 13 இஞ்ச் வாங்கலாம்னு 1,22,900 ரூவா பொரட்டி வச்சுருக்கேன், ஆனா அதுலயும் ஒயர் சொருக டைப் சி ஓட்டை ரெண்டுதான். இது நெசமா, இல்ல எவனாவது வீட்ல உக்காந்து வரைஞ்சு விட்டதா?

தென்காசி தம்பி
வரைஞ்சு விட்டது இல்லண்ணே. தைவான்ல குவான்டான்னு ஆப்பிளுக்கு லேப்டாப் செஞ்சு குடுக்க கம்பெனி, அவங்க சிஸ்டத்துக்குள்ள ரெவில்னு ஒரு திருட்டுக் கும்பல் பூந்து அள்ளுனது. 5 கோடி டாலர் கேட்டானுவ, கெடைக்கலன்னதும் புது ஐமேக் காட்டுன ஏப்ரல் 20 அன்னைக்கே வெளிய விட்டுட்டானுவ. யூடியூப்ல கலர் கலரா வாரதெல்லாம் புரோக்கர் காட்டுத போட்டோ, இது ஜாதகம். மேல் டிசைன் எப்படி இருக்கும்னு இத வச்சு சொல்ல முடியாது, ஆனா ஓட்டை எங்கெங்க இருக்கும்ங்கறத நம்பலாம்.

வள்ளியூர் சார்
நெசமாவே இருக்கட்டும்வே. அதுல விலை போட்டுருக்கா, தேதி போட்டுருக்கா? கார்டு ரீடர் ஆயிரம் ரூவாக்குள்ள கெடைக்கு. கொரோனானால கல்யாணத்துக்கு 100 பேருக்கு மேல கூடாதுன்னு வச்சுருக்க நேரத்துல ஒமக்கு லேப்டாப்புதான் கொறச்சலா?

அம்பைக்காரன்
சார் சொல்லுதது கணக்குக்கு சரி, ஆனா மண்டபத்துல உக்காந்து பாத்தாத்தான் தெரியும், மேடைக்குப் பக்கத்துல பிளக் பாயிண்ட் கெடைக்கதே பெரும்பாடு, ஒயர இழுத்துப் போட்டா பிள்ளைய குறுக்க மறுக்க ஓடுது, பந்திக்கு எலக்கட்ட தூக்கிட்டு ஒரு ஆளு கீழ பாக்காம வாராரு, கால் தட்டுனா சாதா சார்ஜர்னா லேப்டாப்பும் சேந்து கீழ வரும், காந்தம்னா அது மட்டும் கழண்டுக்கும். 2006லயே இருந்தத எதுக்கு எடுத்தான்னுதான் எனக்கு வெளங்கல.
ஆப்பிள்காரன் பின்வாங்க மாட்டான்னும் நெனைக்காதீய. மெலிசாக்குதேன்னு பட்டர்பிளைன்னு ஒரு கீபோர்டு போட்டு, கீயெல்லாம் சிக்கிக்கிட்டு, 2018ல ஆப்பிளே இலவசமா சரி பண்ணித் தாரோம்னு சொல்ல வேண்டியதாச்சு, 2019 கடைசில பழைய மாதிரிக்கே வந்தாச்சு. பொறுக்க முடிஞ்சா பொறும்.

பாளை எடிட்டர்
சரிவே, வேலையும் இல்ல, பைய பாப்போம்.

பாளை எடிட்டர் | 20 அக்டோபர் 2021
வந்துட்டு! எச்டிஎம்ஐ, கார்டு ஸ்லாட், மேக்சேஃப்ங்கற காந்த சார்ஜர் மூணும் படத்துல இருந்தபடியே. கீபோர்டு மேல இருந்த தொடு பட்டை, டச் பாரும் ஒழிஞ்சுது. ஆனா நம்ம யாரும் பேசாத ஒண்ணு, ஸ்கிரீன் மேல கேமராவுக்குன்னு நாட்ச் வெட்டிருக்கான், அவ்வளவு வெட்டியும் மூஞ்சிய பாத்து தொறக்க ஃபேஸ் ஐடி கெடையாது, என்ன கோட்டித்தனமோ. 14 இஞ்ச் 1,94,900, 16 இஞ்ச் 2,39,900. வச்சுருந்த பணத்துக்கு மேல 72,000 துண்டு விழுது.

வள்ளியூர் சார்
விலைய கேட்டேன்லா அன்னைக்கே! எச்டிஎம்ஐயும் பழைய 2.0தான், அதுக்கு அடுத்த 2.1 இல்ல.

தென்காசி தம்பி
சார், மண்டப ஸ்கிரீனுக்கு அது தாராளம். எடிட்டிங்தான் பொழப்புன்னா 14 இஞ்ச் எடுங்கண்ணே, 16 சும்மா செமக்கத்தான்.

அம்பைக்காரன்
நாட்ச் மேல மெனு பார்தான வரும், ரெண்டு நாள்ல கண்ணுக்குப் பழகிரும். அது கெடக்கட்டும், ஒம்ம 2017 மாடல என்ன விலைக்கு தள்ளுதீரு? எங்கூர்ல காலேஜ் பய ஒருத்தன் கேக்கான், டாங்கிளையும் சேத்துக் குடுத்துரும்.