பங்குனியில் மலையேறியவர்கள் எழுதுங்கள்: சுனை, அருவி, ஏரி

காரைக்குடியிலிருந்து விடிகாலையில் கிளம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். மாசி, பங்குனியில் அப்படி மலைக்குப் போனவர்கள் வழியில் யாரைப் பார்த்தீர்கள், எது குறுக்கே வந்தது? குற்றாலம் வேண்டாம், சாரல் வர ஆனி ஆகும்.

திருப்பத்தூரிலிருந்து

எங்களுக்கு மலை என்றால் பிரான்மலைதான். சிங்கம்புணரி தாண்டினால் வந்துவிடும். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. கிட்டத்தட்ட 2,500 அடி. பெரிய உயரம் இல்லைதான், ஆனால் வெயில் ஏறிவிட்டால் பாறை காலைப் பொசுக்கும். ஆறு மணிக்கே ஏறத் தொடங்கிவிடுங்கள்.

பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். வானத்து மீன்களைப் போல அங்கே சுனைகள் என்று கபிலர் பாடிவைத்துவிட்டுப் போனார். பங்குனியில் போய் எண்ணினால் அவர் மேல் கோபம்தான் வரும். நாங்கள் பார்த்த சுனைகளில் பாதி பாசி பிடித்துக் கிடந்தன.

ஆனால் அவர் சொன்ன தேன் அப்படியே இருக்கிறது. பாதி வழியில் விறகுக் கட்டோடு ஒரு அம்மா இறங்கி வந்தார். எங்களோடு வந்த தம்பி ஒருவன் சென்ட் அடித்திருந்தான். அந்த அம்மா நின்று, "கல்யாண வீட்டுக்கா போறீக? மேல பாறையில தேனு கட்டியிருக்கு. இந்த வாசத்தோட போனா அதுக எந்திரிச்சிரும்" என்றார். அண்ணாந்து பார்த்தால் பாறை விளிம்புக்குக் கீழே, முறம் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு அடை. அசைந்துகொண்டே இருந்தது.

மலைத்தேனீயிடம் வீரம் செல்லாது. ஒன்று கொட்டிவிட்டால், அது விட்டுப்போகும் வாசத்துக்கே மற்றவையும் தேடி வரும். புகையும் ஆகாது. அடை தெரியும் இடத்தில் பீடி, சூடம் எதையும் பற்றவைக்காதீர்கள். தம்பி சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுப் பனியனோடு வந்தான். அந்த அம்மாவே விறகை இறக்கி வைத்துவிட்டு, ஆடுகள் போகும் வேறொரு தடத்தைக் காட்டிவிட்டுப் போனார். கொஞ்சம் சுற்று, முள்ளும் உண்டு. யாருக்கும் ஒரு கொட்டுகூட இல்லை.

தேவகோட்டையிலிருந்து

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அழகர்மலை. கள்ளழகரைக் கும்பிட்டு, சோலைமலை முருகனையும் பார்த்துவிட்டு மேலே நடந்தால் ராக்காயி அம்மன் கோயில், நூபுர கங்கை. கோடையிலும் தீர்த்தம் விழுகிறது. அருவி மாதிரி கொட்டும் என்று நினைத்துப் போகாதீர்கள், தலையில் வாங்கிக்கொள்ளும் அளவுதான். அதுவே அந்த வெயிலுக்குச் சொர்க்கம்.

குரங்குகள்தான் அங்கே எஜமானர்கள். ஒன்று என் அயித்தையின் தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய், மூடியைத் திறந்து மாவுருண்டையை மட்டும் தின்றது. சீப்புச் சீடையை ஒன்று கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே எறிந்தது. சீடை சுட்டது அயித்தை. அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

புதுவயலிலிருந்து

கொல்லிமலை ஆகாய கங்கை போனோம். நம் ஊரிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் அதிகாலை மூன்று மணிக்கே வண்டி எடுக்க வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் படி இறக்கம். பங்குனியில் தண்ணீர் மெலிந்திருந்தது, கூட்டமும் இல்லை. திரும்பி ஏறும்போது நாங்கள் திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்தோம். ஒரு பாட்டி தலையில் அன்னாசிக் கூடையோடு எங்களைத் தாண்டி ஏறிப் போய், மேலே கடை விரித்து, நாங்கள் வந்ததும் எங்களுக்கே பழம் நறுக்கிக் கொடுத்தார்.

கண்டனூரிலிருந்து

ஏரி கேட்டிருந்தீர்கள். நமக்கு எட்டுவது சிறுமலை ஏரி, திண்டுக்கல் வழியாக 18 வளைவுகள். ஏரி சின்னதுதான். சுற்றி நடப்பதோடு நிறுத்திக்கொண்டு, மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வாருங்கள், அந்த ருசி கீழே கிடைக்காது. நாங்கள் ஏரிக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக் கிளம்பியபோது டீக்கடைக்காரர் கூப்பிட்டு நிறுத்தினார். "காட்டுமாடு நிக்கும், காஞ்ச புல்லு வேற கிடக்கு, போகாதீங்க தம்பி." மாட்டைவிட அந்தப் புல்தான் எனக்குப் பயம். 2018 மார்ச்சில் தேனி பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்ததும் இதே பருவத்தில்தான். இந்த மாதங்களில் வனத்துறை காட்டுத் தடங்களை மூடிவைக்கும். யாராவது காசு வாங்கிக்கொண்டு உள்ளே கூட்டிப் போகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பிரான்மலை, அழகர்மலை மாதிரி சாமி கும்பிடப் போகும் பாதைகள் போதும். முன்னும் பின்னும் ஆள் நடமாட்டம் இருக்கும்.